காவடிச் சோறு

பினாங்கு செல்லும் நம்மவர் முதலில் கேட்பது, "அதிகப் பணம் செலவழியாமல் வயிறார எங்கே உண்பது?" என்பதே. பெரிய ஹோட்டல்களைத் தேட வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுன் நகரில் ஜனசந்தடி மிகுந்த சூலியா வீதியையும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களையும் நாடினால் போதும்.

அங்கே பிரசித்தமானது 'நாசி கண்டார்'. மலாய் பாஷையில் நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. ஒரு நுனியில் சோறும் மறு நுனியில் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளருக்கு உணவு விற்றுப் பிழைத்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். காவடி போய்க் கடைகள் வந்துவிட்டன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அக்கடைக்காரர்களை அந்நாட்டார் 'மாமாக்' என்றழைப்பதும் நமது 'மாமா'விலிருந்து பிறந்ததே.

சிக்கனத்துக்கு ஓர் உபாயம் உண்டு. சோறும் குழம்பும் மலிவு; விலையை ஏற்றுபவை பெரிய இறாலும் மீன் தலையுமே. ஆகையால் முட்டையும் வெண்டைக்காயும் கேட்டு வாங்கி, 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள். வெள்ளம் என்பது அதன் பொருள். பலவகைக் குழம்புகளும் ஒன்றாகப் பெருகிச் சோற்றை மூழ்கடிக்கும். ருசியெல்லாம் அந்தக் கலப்பில்தான்!

2024-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மலேசியரின் காலை உணவு வழக்கத்தை, நாசி லெமாக்குடன் நம்மவர் கொண்டுசென்ற ரொட்டி சானாயையும் சேர்த்து, மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. தெருவோரச் சமையலை உலகமே மதிக்கிறது. குடுமியான்மலைச் சாலையோரத்தில் இட்டலி விற்கும் மூதாட்டியிடம் ஒரு ரூபாய்க்காக வழக்காடும் நாம் என்றைக்கு மதிக்கப்போகிறோம்?