கூரை எவருடையது? – ஊவாத் தோட்டங்களும் சூரிய மின்சாரமும்

வீட்டுக் கூரை ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்நிலையமாகும் காலம் வந்துவிட்டது என்பது இன்று படித்தோர் நடுவே கேள்வியின்றி ஏற்கப்படும் கூற்றாகிவிட்டது. அக்கூற்றிலே 'கூரை' என்னும் சொல் மிக எளிதாகக் கையாளப்படுகின்றது. கூரையின் கீழ் வாழ்பவரும் அக்கூரைக்கு உரியவரும் ஒருவரே என்னும் எடுகோள் அதனுள் மறைந்து கிடக்கின்றது. பதுளை நகரிலே சொந்த வீடு உடையோருக்கு இவ்வெடுகோள் பொருந்தும். நகர எல்லையைத் தாண்டிப் பசறை வீதியிலோ பண்டாரவளை வீதியிலோ சில கட்டைகள் சென்றதும் அது பொய்த்துவிடுகின்றது. பதுளை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மலையகத் தமிழர். இவர்களுட் பெரும்பாலோர் தோட்டங்களில் வாழ்பவர். இவர்களைக் கணக்கிற் கொள்ளாது ஊவாவின் சூரிய வளத்தைப் பற்றி எழுதப்படும் எந்த அறிக்கையும் அரைகுறை அறிக்கையே.

2016 செப்டெம்பரில் அரசு 'சூரிய பல சங்கிராமய' என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. பத்து இலட்சம் வீட்டுக் கூரைகள் அதன் இலக்கு. கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை இருபதாண்டு ஒப்பந்தத்தின் கீழ் மின்சார சபை விலைக்கு வாங்கும். முதல் ஏழாண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா, அதன்பின் 15 ரூபா 50 சதம் என அன்று விலை குறிக்கப்பட்டது. 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி இதன் பொருட்டு 5 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. திட்டம் நல்லதே. அதனாற் பயனடைந்தோர் எவர் என்பதே வினா. தகடுகளைப் பொருத்த இலட்சக்கணக்கான ரூபா வேண்டும். அத்தொகையைக் கடனாகத் தரும் வங்கி நிலையான வருமானத்தையும் சொத்தையும் பார்க்கும். ஒப்பந்தமோ இருபது ஆண்டுக்கானது. இருபது ஆண்டுகள் அக்கூரை தம்முடையதாகவே இருக்கும் என்று உறுதிகூற வல்லவர் மட்டுமே அதிற் கையொப்பமிட முடியும்.

லயத்தில் வாழும் தொழிலாளி அவ்வுறுதியை எங்ஙனம் கூறுவார்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, லயமும் அவ்விரண்டுக்குள் அடக்கம். நான்கு, ஐந்து தலைமுறைகளாக அதே காம்பிராவிற் பிறந்து, அதிலேயே வாழ்ந்து, அதிலிருந்தே சுடலைக்குச் சுமந்து செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு அதன் தகரத்தில் ஓர் ஆணி அடிப்பதற்கும் பிறருடைய சம்மதம் வேண்டியுள்ளது. 'ஒவ்வொரு வீடும் மின்நிலையம்' என்னும் போது அந்த 'ஒவ்வொரு' என்னும் சொல்லுக்குள் இவர்கள் இல்லை.

அந்த 22 ரூபா வானத்திலிருந்து விழுந்ததன்று. ஏனைய பாவனையாளர் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் பொதுப் பணத்திலிருந்தும் அது வந்தது. 2022க்கு முன்னர் மாதம் 30 அலகு பாவித்த ஒரு குடும்பம் நிலையான கட்டணமும் சேர்த்து நூறு ரூபாவைச் சற்றே தாண்டிய தொகையைச் செலுத்தியது. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு அலகொன்றுக்கு 30 ரூபாவும், நிலையான கட்டணம் 400 ரூபாவுமாக 1300 ரூபா செலுத்த நேர்ந்தது. பன்னிரு மடங்கு! 2021இலேதான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்ட மக்களுக்கு அது ஒரு நாட்கூலிக்கும் மேற்பட்ட தொகை. அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து கட்டணம் குறைக்கப்பட்டது என்பது உண்மை. ஆயினும் அம்மாதங்களிலே நகரத்துக் கூரையுடையோர் வெயிலைக் காட்டித் தம் பட்டியலைக் குறைத்துக்கொள்ள, அதே வெயிலிற் கொழுந்து பறித்தோர் தம் விளக்கை அணைத்துக் குறைத்துக்கொண்டனர்.

இது புதிய கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே தோட்டத் துரைமார் மலையருவிகளை மறித்துச் சிறு நீர்மின் பொறிகளை அமைத்தனர். தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகள் அதனாற் சுழன்றன, பங்களாவில் விளக்கெரிந்தது. லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. 1950இல் லக்சபான இயங்கத் தொடங்கித் தேசிய மின்கம்பி தோட்டங்களை எட்டியதும் அப்பொறிகளுட் பல கைவிடப்பட்டுத் துருவேறின. அருகிலே பிறந்த மின்சாரமும் தொலைவிலிருந்து வந்த மின்சாரமும் லயத்தின் வாசலை ஒருபோலவே கடைசியில்தான் வந்தடைந்தன.

அண்மைக்கால உதாரணம் உமா ஓயா. புகுல்பொலவிலும் டயரபாவிலும் மறிக்கப்பட்ட நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கரந்தகொல்லையின் நிலக்கீழ் மின்நிலையத்துக்கு இறங்குகின்றது. 2014 டிசெம்பரில் அச்சுரங்கத்துள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைச் சுற்றுப்புறத்திலே கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் 120 மெகாவாற்றுத் திட்டம் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. ஊவாவின் மலைகள் நாட்டுக்கு மின்சாரம் ஈந்தமைக்கு எவரும் வருந்தத் தேவையில்லை. ஈந்த மலையில் வாழ்வோருக்கு வெடித்த சுவரே எஞ்சுமாயின் அதனை அபிவிருத்தி என்று அழைப்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும்.

இனி, எழுப்பப்படும் ஆட்சேபங்களை நோக்கலாம். மலைநாடு மூடுபனி நிறைந்தது, அங்கு சூரிய மின்சாரம் பயன்தராது என்பது முதலாவது. நுவரெலியாவின் குளிரைக் கண்டு ஊவாவை எடைபோடுவோரின் கூற்று இது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளை தென்மேல் பருவக்காற்றின் மழைமறைவில் உள்ளது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகள் நனைந்திருக்க, ஊவாவில் வெயில் காயும். ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணமே அவ்வுலர் காற்றின் கொடை. தேயிலை ஏலத்தில் அக்காற்றுக்கு விலை உண்டு என்பதைக் கம்பனிகள் நன்கறியும். வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் மழை மிகும், உற்பத்தி குறையும் என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆயின் சூரியத் தகடு வெப்பத்தாலன்றி ஒளியாலேயே இயங்குவது. தகட்டின் வெப்பம் 25 பாகையைத் தாண்ட, ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் ஏறத்தாழ நூற்றில் 0.3 முதல் 0.4 வரை குறையும். சமவெளியின் கொதிக்கும் கூரையிலும் பார்க்க மலையின் குளிர்ந்த கூரைக்கு இதில் ஓரளவு அனுகூலமே உண்டு.

தோட்ட மக்களின் மின்பாவனை சொற்பம், அவர்களுக்கு இது ஏன் என்பது இரண்டாவது ஆட்சேபம். பாவனை ஏன் சொற்பம் என்று கேட்பதில்லை! மாலையிற் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பெண் அதன்பின் விறகுக்கட்டைச் சுமந்து வந்து புகைசூழ்ந்த அடுப்படியில் அமர்வது அவள் விருப்பத்தாலன்று. கணக்கையே பார்க்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான பத்துக் காம்பிராக்கள் கொண்ட ஒரு லயத்தின் பரப்பு 1200 சதுர அடி, அதாவது சுமார் 110 சதுர மீற்றர். அதிற் பாதியில் மட்டும் தகடு வேயலாம் என வைத்தாலும், கிலோவாற்று ஒன்றுக்கு 5 சதுர மீற்றர் வீதம் 10 கிலோவாற்றுக்கு இடமுண்டு. மேகமூட்டத்தைக் கருதி, கிலோவாற்றுக்கு நாளொன்றில் 3 அலகு மட்டுமே கிடைக்குமெனக் கொண்டாலும் மாதம் 900 அலகு தேறும். பத்துக் குடும்பங்களும் தலைக்கு 60 அலகு பாவித்தால் 600 போக, 300 அலகு எஞ்சும். எஞ்சியதை விற்ற பணம் எவர் கைக்குச் செல்லும் என்ற கேள்வியே தோட்ட நிர்வாகங்களையும் அரசையும் இதுவரை பேசாதிருக்கச் செய்தது போலும்.

வறியோர் கடனைத் திருப்பமாட்டார் என்பதும் சொல்லப்படுகின்றது. 1997 தொடங்கி உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற திட்டங்களின் கீழ், மின்கம்பி எட்டாத கிராமங்களிலே ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தவணைக் கடனிற் சிறு சூரியத் தகடுகளைப் பெற்றன. ஊவா மாகாண சபையும் தன் பங்கிற்கு மானியம் வழங்கியது. அறுவடைக்கு அறுவடை வருமானம் காணும் விவசாயிக்கு இடப்பட்ட நம்பிக்கை, மாதந்தோறும் சம்பளம் பெறும் தொழிலாளிக்கு மறுக்கப்படுவதற்கு வறுமையன்று காரணம். விவசாயிக்கு வீடு சொந்தம்.

மூன்றாவது ஆட்சேபமே வலியது. நூற்றாண்டு பழைமையான லயத்தின் மரங்கள் உளுத்துவிட்டன, தகரம் துருவேறிவிட்டது, சதுர மீற்றருக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை அது தாங்காது என்பர். மெய்தான். பல லயங்கள் மண்சரிவு அபாயத்திலும் உள்ளன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையிற் சரிந்த மலை லயங்களை மனிதரோடு மூடியது. அத்தகைய கூரையின்மீது தகடு வேய்வது மடமை. ஆனால் தகட்டைத் தாங்காத கூரை குழந்தைகள் உறங்குவதற்கு மட்டும் எப்படித் தகுதியாயிற்று? இவ்வாட்சேபம் சூரிய மின்சாரத்துக்கு எதிரானதன்று, லயத்துக்கு எதிரானது.

மேலும், கூரையில்லாமலும் பங்கு இருக்கலாம். ஜெர்மனி 2017இல் இயற்றிய சட்டம் வாடகைக் குடியிருப்பாளர் தம் கட்டடத்துக் கூரையின் மின்சாரத்தை நேரடியாகப் பெற வழிசெய்தது. தமிழ்நாட்டிலே மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடனுடன் 350 கிலோவாற்றுக் காற்றாலையொன்றை வாங்கி, மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஓர் ஊராட்சி செய்ததைப் பசறையிலோ லுணுகலையிலோ ஹாலி-எலவிலோ ஒரு பிரதேச சபை செய்யலாகாதா? தோட்டப் பாடசாலை, பிள்ளைக் காம்பிரா, வைத்தியசாலை, கூட்டுறவுக் கடை என உறுதியான கூரைகள் உள்ளன. தொழிற்சாலைக் கூரை எல்லாவற்றிலும் பெரிது. பல கம்பனிகள் தம் தொழிற்சாலைகளில் ஏற்கனவே தகடு பொருத்தியும் விட்டன. அதே கூரையில் ஒரு பகுதியைத் தொழிலாளர் கூட்டுறவுக்கு ஒதுக்குமாறு குத்தகை நிபந்தனையிற் சேர்ப்பது நிலத்தின் உடைமையாளராகிய அரசுக்கு இயலாத காரியமன்று.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்ததாகச் சாட்டுக் கூறப்பட்டுவந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கென அதிகார சபையொன்றும் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஏழு பேர்ச் காணியில் எழும் தனி வீடுகளுக்கு உறுதிப்பத்திரத்தோடு கூரைமேல் ஒரு கிலோவாற்றுத் தகட்டையும் சேர்த்துக் கட்டுவது, கட்டிமுடித்த பின் பொருத்துவதிலும் இலகுவானது. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 முதல் பதுளையிலேயே இருக்கின்றது. லயக் கூரைகளின் பலத்தையும் வெயிலையும் அளந்து பதிவது ஓர் இறுதியாண்டு மாணவர் குழுவின் வேலை.

தாமதத்துக்கும் விலையுண்டு. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருளடைந்த பின்னர், பகல்வேளையிற் சூரிய மின்சாரம் மிகுந்து கட்டமைப்பின் உறுதி குன்றுவதாகக் கூறப்பட்டது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே பகலில் தகடுகளை நிறுத்திவைக்குமாறு கூரையுடையோரிடம் கோரப்பட்டது. மின்மாற்றி ஒவ்வொன்றும் ஏற்கவல்ல அளவுக்கு எல்லையுண்டு. முந்தியோர் அவ்விடத்தை நிரப்பிவிட்டால் பிந்தியோருக்கு 'இடமில்லை' என்னும் பதிலே மிஞ்சும். எனவே கிராமப்புற, தோட்டப்புற மின்மாற்றிகளில் ஒரு பங்கு தோட்டக் குடியிருப்பாளரின் கூட்டு உற்பத்திக்கென இப்பொழுதே ஒதுக்கப்படல் வேண்டும். பகல் மிகையைத் தேக்கும் மின்கலங்களுக்கான பொதுச் செலவில் அவர்களின் பங்கும் சேர்க்கப்படல் வேண்டும். காணி உறுதி கையில் வந்தபின் விண்ணப்பிக்குமாறு அவர்களிடம் கூறுவது, கம்பியில் இடம் தீர்ந்தபின் வருமாறு கூறுவதற்கு ஒப்பாகும்.