பற்று, வரவு, துடுப்பு

வத்தலக்குண்டில் ஆபீஸ் நண்பன் ஒருவனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. டிபன் முடித்துவிட்டு அப்புறம் என்ன செய்வது? மாப்பிள்ளைத் தோழர்கள் எட்டுப் பேர், இ-பாஸ் சகிதம் வேன் பிடித்துக் கொடைக்கானல் ஏறிவிட்டோம்.

எட்டுப் பேரில் ஒருவன் எனக்கு எட்டாயிரம் ரூபாய் தரவேண்டும். இரண்டு வருஷ பாக்கி. (பேர் வேண்டாம், பாவம்.) செல்போனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டான். வேனில் நான் முன் சீட். அவன் கடைசி சீட்.

ஏரியில் எல்லாரும் ஜோடி ஜோடியாக மிதிபடகில் ஏறிப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு துடுப்புப் படகு, நான், அவன். விதி என்பது இதுதான் சார்!

மிதிபடகு என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். இதில் எதிரும் புதிருமாக உட்காரவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. கடன் வசூலுக்கு பாங்குக்காரர்கள் ஏன் இன்னும் படகு வாங்கவில்லையோ!

துடுப்பு என் கையில். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டுமாம். வந்த வழிதான் அவனுக்குத் தெரியும். போகிற வழி எதிரே இருப்பவனுக்குத்தான். அவன் 'வலது' என்றால் அது எனக்கு இடது. அந்த இடது பக்கம் திரும்ப வலது கைத் துடுப்பை இழுக்கவேண்டும். பி.காம். முதல் வருஷத்து பாஸ் புக் சமாசாரம் மாதிரி - பாங்க் புத்தகத்தில் வரவு என்றால் நம் புத்தகத்தில் பற்று. எனக்கு அன்றைக்கும் புரியவில்லை. பத்து நிமிஷம் ஒரே இடத்தில் சுற்றினோம்.

மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டித் தேக்கிய ஏரி இது. நட்சத்திர வடிவம் என்பார்கள். படகிலிருந்து பார்த்தால் மூலை மூலையாகத்தான் தெரிகிறது. அப்படி ஒரு மூலைக்குள் நுழைந்ததும் குதிரைக்காரர்கள், சோளக்கதிர் வியாபாரம் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

அவனே ஆரம்பித்தான். "அப்பா ஆபரேஷனுக்குத்தான்டா வாங்கினேன். அவர் தங்கலை. அப்புறம் உன் நம்பரைப் பார்த்தாலே ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது. எடுக்கத் தோணலை."

துடுப்பை நிறுத்திவிட்டேன். அவன் அப்பா காலமானபோது நான் ஊரில்தான் இருந்தேன். துக்கம் விசாரிக்கப் போகவில்லை. போனால் பணத்துக்கு வந்திருக்கிறான் என்று நினைப்பானோ என்று தள்ளிப்போட்டேன். பிறகு எந்த மூஞ்சியோடு போவது? அதைச் சொன்னேன்.

"தெரியும். காரியம் முடியற வரைக்கும் வாசலைப் பார்த்துட்டேதான் இருந்தேன்" என்றான்.

எட்டாயிரத்துக்கு வட்டியே போடலாம். இதற்கு என்ன போடுவது?

அப்பாவைப் பற்றி விசாரித்தேன். இரண்டு வருஷம் லேட்டாக. பேசிக்கொண்டே இருந்தான். அவருக்கு மலை பஸ் ஏறினால் வாந்தி வருமாம், கொடைக்கானலைப் பார்த்ததே இல்லையாம். "டேய், வலது... இல்லை, உனக்கு இடது!" என்று அவன் கத்துவதற்குள் படகு கரையோரப் புல்லில் செருகி நின்றது.

அரை மணி சவாரி ஒரு மணியாகிவிட்டது. கூடுதல் கட்டணம். பர்ஸை எடுத்த என் கையைத் தட்டிவிட்டு அவனே கட்டினான்.

"இதை எட்டாயிரத்துல கழிச்சுக்கோ."

"பாதிதான் கழிப்பேன். படகுல நீயும்தானே வந்தே?"