பெல்ட்டுக்கு மோதிய தமிழர்: எம்.எம்.ஏ-வை நம்பி வாழ முடியுமா?

அஸ்தினாபுரம், குரோம்பேட்டை பக்கம் கராத்தே, கிக்பாக்ஸிங் கிளாஸ் போற பசங்க வீட்டுல இனி இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: "நான் எம்.எம்.ஏ ஃபைட்டர் ஆகட்டுமா?" காரணம், ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்.எம்.ஏ முதல்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. என்ன பதில் சொல்லலாம்? அகிலன் தானியின் கதையைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

யார் இந்த அகிலன்?

கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த மலேசியத் தமிழர். பட்டப்பெயர் 'அலிகேட்டர்'. டீன் ஏஜில் 150 கிலோவை ஒட்டிய உடம்பு. எடை குறைக்கக் கற்ற சண்டைக்கலையே பிறகு தொழிலானது. ஆசியாவின் பெரிய சண்டை நிறுவனமான ஒன் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தார். மோதிய 7 சண்டையிலும் வெற்றி. 2017 மே 26 அன்று, 21 வயதில், சிங்கப்பூரில் உலக பட்டத்துக்கே மோதினார்.

அன்று என்ன நடந்தது?

எதிரில் நின்றவர் அமெரிக்காவின் பென் ஆஸ்க்ரன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் ஆடியவர். பட்டச் சண்டை என்பது 5 நிமிட சுற்றுகள் 5, மொத்தம் 25 நிமிடம். ஆனால் மேட்ச் முதல் சுற்றிலேயே முடிந்தது. அகிலனைத் தரையில் சாய்த்து, கழுத்தை நெருக்கிப் பிடித்தார் ஆஸ்க்ரன். அவ்வளவுதான்.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். எம்.எம்.ஏ-வில் குத்தும் உதையும் பாதிதான். சாய்ப்பது, தரையில் பிடிபோடுவது, பூட்டுப் போட்டு சரணடைய வைப்பது மீதிப் பாதி. சின்ன வயசுல இருந்தே மல்யுத்தம் பழகியவரோட அனுபவத்தை ரெண்டு மூணு வருஷ ஜிம் பயிற்சியில ஈடுகட்டுறது கஷ்டம்.

அத்தோடு முடிந்ததா?

இல்லை. வெற்றியும் தோல்வியுமாகத் தொடர்ந்தார். 2019 ஜூனில் ஷாங்காயில், யூ.எஃப்.சி-யில் ஆடிய ஜப்பான் வீரர் யோஷிஹிரோ அகியாமாவை நடுவர்களின் ஒருமனதான முடிவில் வென்றார். பட்டம் கைக்கு வரவில்லை என்றாலும் தொழில் நின்றுவிடவில்லை.

இந்தியாவில் நிலைமை?

வூஷூவில் இருந்து வந்த பூஜா தோமர், 2024 ஜூனில் யூ.எஃப்.சி-யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அடுத்த சண்டையில், 2025 மார்ச்சில், தோற்றார். உத்தராகண்டின் அன்ஷுல் ஜூப்ளி 2025 பிப்ரவரியில் வெறும் 19 விநாடியில் நாக்அவுட் ஆனார். நம்ம ஊருக்குத் தெரிஞ்ச முகம் 'இறுதிச்சுற்று' ரித்திகா சிங். அவரும் எம்.எம்.ஏ களத்தில் மோதியவர்தான். ஆனால் அவரை ஊரறிய வைத்தது சினிமா.

பணம் வருமா?

இது மாதச் சம்பள வேலை இல்லை. பொதுவாகக் களமிறங்க ஒரு தொகை, ஜெயித்தால் இன்னொரு தொகை. வருஷத்துக்கு ரெண்டு மூணு சண்டை கிடைப்பதே பெரிசு. காயம் பட்டால் வருமானம் நிற்கும். பயிற்சியாளர், சாப்பாடு, பிசியோ செலவு மட்டும் நிற்காது.

உயிருக்கு ஆபத்தா?

ஆபத்து களத்துக்கு வெளியேயும் இருக்கிறது. குறைந்த எடைப் பிரிவில் இறங்க, உடம்பில் உள்ள தண்ணீரை வற்ற வைத்து எடை குறைப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். 2015 டிசம்பரில் மணிலாவில் அப்படி எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தார். வயது 21. அதன் பிறகே ஒன் சாம்பியன்ஷிப் தன் எடை விதிகளை மாற்றியது.

அப்போ சேரலாமா, கூடாதா?

உடம்புக்கும் மனசுக்கும் நல்ல பயிற்சி, தாராளமா சேரலாம். தொழிலாக எடுப்பதற்கு முன் மூணு கேள்வி கேளுங்க. மல்யுத்தம், ஜூடோ மாதிரி தரைச் சண்டை சொல்லித்தர ஆள் இருக்கா? எடை குறைப்பை டாக்டர் மேற்பார்வையில் செய்றாங்களா? இவங்க தர்ற சர்டிஃபிகேட் அரசு வேலை விளையாட்டு இடஒதுக்கீட்டுக்குச் செல்லுமா? மூணாவது கேள்விக்கு ஜிம் சொல்ற பதிலை அப்படியே நம்பாதீங்க. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் நேரில் கேளுங்க.

படிப்பையும் விடக்கூடாது. 7 சண்டை ஜெயித்தவருக்கே எட்டாவது சண்டை சில நிமிடம்தான் நீடித்தது.