ஆய்வேட்டு ஆங்கிலமும் அரண்டுபோன ஆய்வாளர்களும்

சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பி.எச்டி. பதிவு செய்த நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "டேட்டா எல்லாம் ரெடி. ஆனா நம்ம இங்கிலீஷ் தீசிஸுக்கு எடுபடுமா?"

காவிரி வற்றினாலும் இந்தக் கவலை வற்றாது!

கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் ஆங்கிலத்தைப் பற்றி அல்ல. காமர்ஸ் துறை ஆய்வேடு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். மாவட்ட அறிமுகம் என்று மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை எல்லாம் வரிசையாக வரும். (வங்கிச் சேவைக்கும் கல்லணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது.) பிறகு அட்டவணைகள். பெண்கள் இத்தனை சதவீதம் என்று அட்டவணை சொல்லும். கீழே உள்ள பத்தி அதையே இன்னொரு தடவை சொல்லும். கடைசியில் பரிந்துரை: வங்கி ஊழியர்கள் வாடிக்கையாளரிடம் கனிவாக நடந்துகொள்ள வேண்டும். அடேங்கப்பா, இதற்கா ஐந்து வருஷம்?

இதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்காது. ஏனென்றால் பாதி, முன்னால் போன சீனியரின் வாக்கியம். தன் வாக்கியம் மட்டம், அச்சில் இருப்பது உசத்தி என்று நினைக்கிறவன் வேறு என்ன செய்வான்? பயம்தான் காப்பியடிக்க வைக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உடனே 'கஸ்டமர்' எல்லாம் 'பேட்ரன்' ஆகிவிடுகிறார்கள். சாஃப்ட்வேர் சொல்லைத்தான் ஒப்பிடும். அதில் சரக்கு இருக்கிறதா என்று சொல்லாது.

பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் கதை என்ன? 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வந்த அவருடைய முதல் கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது. எழுதிய முறை தெளிவில்லாமல், சாதாரண வாசகருக்குப் பிடிபடாமல் இருந்தது என்று ஆசிரியர் நாராயண ஐயங்காரே சொல்லியிருக்கிறார். சரக்கு இருந்தது, எழுத்தைத் திருத்திக்கொண்டார்கள். 1916இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிப் பட்டமும் கொடுத்தது. வெறும் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு சரக்கைத் திருத்தி வரவழைக்க முடியுமா?

திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டுகிறவர்களுக்குக் கல்லுக்கு எவ்வளவு கூலி, முன்பணம் யார் தருகிறார், அதை எப்படிக் கழிக்கிறார்? ஸ்ரீரங்கத்தில் பூ விற்கிற அம்மாவுக்கு வட்டி போக என்ன மிஞ்சுகிறது? ஒரு மாசம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்கு எழுத விஷயம் இருக்கும். அதற்கு எட்டாம் வகுப்பு ஆங்கிலமே தாராளம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா கம்ப்யூட்டரையே சின்னச் சின்ன வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

வழிகாட்டிகளும் இதில் கூட்டாளிகள்தான். ஆறு மாசம் மேஜையில் கிடந்த அத்தியாயம் 'லாங்வேஜ் சரியில்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகிறது. எந்த வரி சார்? ஏன் சரியில்லை? அதைச் சொல்லத்தானே வழிகாட்டி? சொல்லாததால்தான் ஆய்வாளர் நேராக 'தீசிஸ் எழுதித் தரப்படும்' என்று நோட்டீஸ் ஒட்டிய கடைக்குப் போகிறார். அங்கே பூக்கார அம்மாவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை பக்கம், என்ன பைண்டிங் என்றுதான் கேட்பார்கள்.