ஆள் அகப்படவில்லையாம்!

மனிதர் கணிப்பொறியோடு பழகும் விதத்தை ஆராயும் பண்டிதர்கள் பலருக்கு ஒரு வழக்கம் உண்டு. மனிதன் இப்படிப் பார்க்கிறான், இப்படித் தொடுகிறான் என்று அகில உலகத்துக்கும் விதி வகுத்துவிட்டு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தம் கலாசாலை மாணவர்களே என்றும், ஏனையோர் அகப்படவில்லை என்றும் இரண்டு வரி எழுதிக் கைகழுவிவிடுவார்கள். இந்தச் சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

இத்துறையாரின் தலையாய மாநாடு சி.எச்.ஐ. என்பது. அதில் 2016 முதல் 2020 வரை வெளியான கட்டுரைகளை அலசி 2021-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. முடிவுகளில் நூற்றுக்கு 73 மேனாட்டாரைச் சோதித்துப் பெற்றவை. அம்மேனாட்டாரோ உலக ஜனத்தொகையில் நூற்றுக்கு 12 பேருக்கும் குறைவு! ஏனையோருக்கு விரலில்லையா, கண்ணில்லையா என்று கேட்கிறோம்.

இதன் பலன் யாது? 2020-இல் அமெரிக்காவில் ஐந்து பெரிய கம்பெனிகளின் பேச்சறியும் யந்திரங்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் சராசரி நூறு சொல்லுக்கு 19 பிழை. கறுப்பர் பேச்சில் 35. ஒரே தேசம், ஒரே ஆங்கிலம்! கறுப்பர் பேச்சைக் கொண்டு அவ்யந்திரங்களைப் போதிய அளவு பழக்காமையே காரணமாகலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண்மணிகள் முகம் பார்த்து ஆண் பெண் சொல்லும் யந்திரங்களைச் சோதிக்க விரும்பினர். கறுத்த முகங்கள் போதிய அளவில் இருந்த படத்தொகுதி இல்லை. அதற்காக அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளின் சட்டசபை அங்கத்தினர் 1,270 பேரின் படங்களைத் திரட்டினர். 2018-இல் வெளியான முடிவின்படி, வெண்ணிற ஆடவர் விஷயத்தில் பிழை நூற்றுக்கு ஒன்றை எட்டவில்லை. கருநிற மாதர் விஷயத்தில் 34.7 வரை ஏறிற்று. படம் திரட்டுவது வேறு, ஆளை அழைப்பது வேறு எனலாம். வேறுதான். ஆனால் எங்கே இருக்கிறார்கள் என்று யோசிக்கும் சிரத்தை இரண்டுக்கும் ஒன்றே.

இவர்கள் ஆளை அழைக்கும் அழகைப் பாருங்கள். கலாசாலைச் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு காகிதம். பகல் பத்து மணிக்கு வரவேண்டும். சம்மதப் பத்திரம் வக்கீலும் மலைக்கும் நடையில். நாட்கூலிக்காரன் அரைநாட் சம்பளத்தை இழந்து வருவானா? கைக்குழந்தைக்காரி குழந்தையை யாரிடம் விட்டு வருவாள்? தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூரில் அக்காகிதத்தை ஒட்டினால், ஆங்கிலமறியாத முதியவரை அது எப்படி அழைக்கும்?

இணையத்தின் வழியே ஆள் சேர்க்கிறோமே என்பர் சிலர். யந்திரத்தோடு பழகியவனைக் கொண்டே யந்திரத்தைச் சோதிப்பது, நீந்தத் தெரிந்தவனை மட்டும் கேட்டு ஆற்றில் இறங்கலாமென்று ஊருக்கு அறிவிப்பது போலாம்.

மொழிபெயர்ப்பாளருக்கும், பிரயாணத்துக்கும், இழந்த கூலிக்கும் ஆரம்பத்திலேயே பணம் ஒதுக்கவேண்டும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தொழிற்சங்கக் கூடத்துக்கும் சந்தைக்கும் ஆராய்ச்சியாளரே செல்லவேண்டும். கண்ட முடிவை, உழைத்துக் கொடுத்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே திரும்பிவந்து சொல்லவேண்டும். ஆராய்ச்சிக்குப் பொருளுதவும் சபைகள், ஆள் அகப்படவில்லை என்று எழுதுவோரிடம், எங்கே தேடினீர், எம்மொழியில் அழைத்தீர், மறுத்தவர் என்ன காரணம் சொன்னார் என்று கேட்டு, அந்த விடையையும் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே அச்சிடச் செய்யட்டும்.