புகாருக்குப் பதில் எழுதுவோம், பதிவேடு திறக்க மாட்டோம்

தொப்பம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த சர்வரில் டோர் வலைப்பின்னலுக்கான ரிலே ஒன்றை நடத்துகிறேன். இணையத்தில் அடையாளம் காட்டாமல் போய்வர உதவுவது டோர். ஒருவரின் தகவல் மூன்று ரிலேக்களைக் கடந்து போகும்; அனுப்பியவர் யார், போய்ச்சேரும் இடம் எது என்ற இரண்டும் எந்தவொரு ரிலேவுக்கும் சேர்ந்து தெரியாது. என்னுடையது கடைசி ரிலே. யார் என்ன செய்தாலும் எதிரிலிருக்கும் தளத்துக்குத் தெரிவது என் சர்வரின் ஐபி முகவரிதான். ஆகவே புகாரும் எனக்குத்தான்.

பெரும்பாலானவை இயந்திரம் அனுப்புபவை: திருட்டு சினிமா, கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சி. அவற்றுக்கு ஆயத்தப் பதில் போதும். ஆனால் உடனே அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் சர்வர்காரர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்.

ஒரு புகாரை அப்படிக் கடக்க முடியவில்லை. சிறிய தமிழ்த் தளம் ஒன்றில் கட்டுரை எழுதிய பெண்ணைச் சாதிப்பெயர் சொல்லி இழிவுசெய்திருந்தார்கள். வந்த வழி என் ரிலே. "யாரென்று சொல்லுங்கள் தோழர்" என்று கேட்டிருந்தார் தளம் நடத்துபவர். சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என்னால் முடிந்ததை எழுதினேன்: டோரின் வெளியேறும் முகவரிகள் வெளிப்படையான பட்டியலில் உள்ளன, அவற்றிலிருந்து வரும் பின்னூட்டங்களை மட்டும் நிறுத்திவைக்கலாம், அன்றைக்கு அந்த முகவரி ரிலேவாக இருந்ததா என்பதை எக்சோனரேட்டர் பக்கத்தில் யாரும் சரிபார்க்கலாம், திரைப்படத்தையும் சுட்டியையும் அழிக்காமல் வைத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம்.

அவர் மறுபடி கேட்டார்: இனிமேலாவது பதிவு வைத்தால் என்ன?

கோபம் நியாயமானது. ஆனாலும் என் பதில் மாறவில்லை. சாதிவெறியர்களுக்கு முகமூடி தேவைப்படுவதேயில்லை. சாதிப் பட்டத்தோடு, சொந்தப் படத்தோடு, முகநூலில்தான் அரிவாளைக் காட்டுகிறார்கள். பழனிப் பெண் கௌசல்யாவை மணந்ததற்காக 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே சங்கரை வெட்டிக் கொன்றவர்கள், பட்டப்பகலில் மக்கள் நடுவில்தான் வெட்டினார்கள். எங்களூரிலிருந்து அது தூரமில்லை. ஒளிந்துகொள்ள வேண்டியிருப்பது ஓடிப்போன பிள்ளைகளுக்கு. அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்க ஓர் ஐபி முகவரி போதும், அதைக் கேட்டு வாங்க காவல்துறையில் ஒரு சொந்தக்காரர் போதும். சாதிமறுப்புத் தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018இல் உச்சநீதிமன்றம் சொன்னதே, அந்தப் பிரிவின் எண் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் வைக்காத பதிவை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அரசுக்கு இது பிடிக்காது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. நார்ட், எக்ஸ்பிரஸ் போன்றவை இந்திய சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. நானும் அதனால்தான் வெளிநாட்டில் வாடகை கட்டுகிறேன்.

நடத்த விரும்பும் தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடைசி ரிலேவை வீட்டு இணைப்பில் வைக்காதீர்கள். மாஸ்கோவில் கணித ஆசிரியர் திமித்ரி பகாத்தோவ் அப்படி வைத்திருந்தார். யாரோ எழுதியதற்காக 2017 ஏப்ரலில் கைதானார், வழக்கு கைவிடப்பட ஓராண்டுக்கு மேல் ஆனது. நடு ரிலேவில் தொடங்குங்கள். அதன் முகவரி எந்தத் தளத்துக்கும் போகாது என்பதால் இத்தகைய புகார் அதற்கு வருவது அபூர்வம். மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் ஒன்றை ஓட்டலாம்.