துருத்திக்காரன் மகன் சொல்கிறேன்: அந்தக் குழல்களை எடைக்குப் போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திக்லிபூரில் கரண்ட் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு வேண்டுகோள் வந்தது. நான் ஞானஸ்நானம் வாங்கிய சபையின் கமிட்டி அனுப்பியது. எந்த ஊர், எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. ஆளைக் குத்திக் காட்டுவது என் நோக்கமில்லை. தவிரவும் இதே வேண்டுகோள் நாளைக்கு உங்கள் ஊரிலிருந்து உங்களுக்கும் வரலாம்.

விஷயம் இதுதான். ஆலயத்தில் இருக்கும் பழைய குழல் ஆர்கன் பழுதாகிவிட்டதாம். அதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய எல்.இ.டி. திரையும், 'நூறு ஸ்டாப் கொண்ட நவீன டிஜிட்டல் ஆர்கனும்' வைக்கப் போகிறார்களாம். குழல்களை எடைக்குப் போட்டால் கொஞ்சம் காசு தேறுமாம். மீதிக்கு வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் சபைப் பிள்ளைகள் தலைக்கு 10,000 ரூபாய் அனுப்ப வேண்டுமாம்.

நான் அனுப்ப மாட்டேன். நீங்களும் அனுப்பாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அந்தமானில் கட்டடம் கட்டுகிற பொறியாளர். அன்றைக்கு அந்த ஆர்கனுக்குத் துருத்தி அடித்தவரின் மகன். ஆமாம், மோட்டார் வருவதற்கு முன்னால் ஆர்கனுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று நெம்புகோலை மேலும் கீழும் அடித்துக் காற்று ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரோரம் கயிற்றில் ஒரு ஈயக்குண்டு தொங்கும். துருத்தி நிரம்பினால் குண்டு இறங்கும், காற்று குறைந்தால் ஏறும். சுவரில் ஒரு கரிக்கோடு. குண்டு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சபையார் பாமாலையைத் திறந்து பாடும்போது அப்பா குண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் அவர் ஆராதனை.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது மோட்டார் வந்தது. அப்பாவின் வேலை போனது. ஆனாலும் சுருதி சேர்க்க ஆள் வரும்போதெல்லாம், ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடித்துக்கொள்ள அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி அவருக்கு ஒவ்வொரு குழலும் பழக்கம். எனக்கு ஆர்கன் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வாசிக்க அல்ல, புரிந்துகொள்ள. அதை உங்களுக்கும் சொல்கிறேன். எதைத் தூக்கிப்போடப் பணம் கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டுமில்லையா?

புல்லாங்குழலில் ஒரே குழல், விரலை மாற்றினால் சுரம் மாறும். ஆர்கனில் அப்படியில்லை. ஒரு குழலுக்கு ஒரு சுரம்தான். 56 கட்டை என்றால் 56 குழல். அந்த 56 குழலும் சேர்ந்து ஒரு குடும்பம், ஒரே குணம், ஒரே குரல். அந்தக் குடும்பத்தைத் திறந்துவிடும் குமிழ்தான் ஸ்டாப். குமிழை இழுத்தால் பாடும், தள்ளினால் மௌனம். எங்கள் ஆர்கனில் மேலே இரண்டு கட்டை வரிசை, கீழே காலால் மிதிக்கும் 30 கட்டை. ஸ்டாப் 14. மேலே பன்னிரண்டு, காலுக்கு இரண்டு. கணக்குப் போடுங்கள், 732 குழல். எங்கள் திக்லிபூர் சாடில் பீக் மலையும் 732 மீட்டர்தான். ஏறிப் பார்த்தவன் சொல்கிறேன், சின்ன எண் இல்லை :-)

ஸ்டாப்பில் எழுதியிருக்கும் '8 அடி' என்பது அந்த வரிசையின் மிகப் பெரிய குழலின் நீளம். 8 அடி வரிசை நாம் பாடும் ஸ்தாயியில் ஒலிக்கும். 16 அடி அதற்குக் கீழ் ஸ்தாயி. 4 அடி மேல் ஸ்தாயி. குழலின் வாயை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அந்தக் கீழ் ஸ்தாயி கிடைக்கும். போர்டன் என்கிற ஸ்டாப்பில் இருப்பவை இப்படி மூடிய மரக்குழல்கள். சிட்னி டவுன் ஹாலில் 1890இல் வைத்த ஆர்கனில் 64 அடி ஸ்டாப் ஒன்று இருக்கிறது. அதைக் காதால் கேட்பதைவிட உடம்பால் உணர்வதுதான் அதிகம்.

குரல்களில் நாலு சாதி. டயபேசன் என்பது ஆர்கனுக்கே உரிய நெஞ்சுக்குரல். புல்லாங்குழல் சாதி ஒன்று. தந்தி வாத்தியம் போல் மெலிதாக இழையும் சாதி ஒன்று. நாலாவது, டிரம்பெட், ஓபோ என்று பெயர் வைத்த நாக்குக் குழல்கள். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, அப்படி இவற்றுக்குள் ஒரு பித்தளை நாக்கு துடிக்கும். இவை போக மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தை மட்டும் கொடுக்கும் ஸ்டாப்பும் உண்டு. தனியாகக் கேட்டால் யாரோ தப்பாக வாசிப்பது போலிருக்கும். டயபேசனோடு சேர்த்தால் பஞ்சமம் காணாமல் போய், குரல் மட்டும் பளிச்சென்று ஆகும். தம்பூராவில் மீட்டாத சுரமெல்லாம் கேட்கிறதே, அந்த வித்தைதான்.

அடுத்தது பிரிவுகள். ஒவ்வொரு கட்டை வரிசைக்கும் தனிக் காற்றுப் பெட்டி, தனிக் குழல்கள். சொல்லப்போனால் ஒரே வீட்டில் பல ஆர்கன்கள். கிரேட் என்பது சபையை நடத்திக்கொண்டு போகும் தலைக்கட்டு. ஸ்வெல் பிரிவின் குழல்கள் முழுவதும் ஒரு மர அறைக்குள் இருக்கும். அறைக்குச் சட்டம் சட்டமாகத் திறக்கும் கதவு. காலால் மிதித்தால் மெல்லத் திறக்கும், சத்தம் பெருகும். பெடல் பிரிவு அஸ்திவாரம். பெரிய ஆலயங்களில் கொயர், சோலோ என்று இன்னும் பிரிவுகள் உண்டு. பாரிஸ் நோத்ர்தாம் ஆர்கனுக்கு ஐந்து கட்டை வரிசை, 115 ஸ்டாப், கிட்டத்தட்ட 8,000 குழல்.

ஐந்து சரணப் பாமாலையை ஒரு நல்ல ஆர்கனிஸ்ட் எப்படி வாசிப்பார் தெரியுமா? முதல் சரணத்துக்கு டயபேசன் மட்டும். துக்கமான சரணம் வந்தால் ஸ்வெல்லுக்குப் போய்க் கதவைச் சாத்திவிடுவார். கடைசிச் சரணத்தில் நாக்குக் குழலும் 16 அடியும் சேரும்போது, பாடத் தெரியாத கிழவி கூட வாயைத் திறந்து பாடுவாள். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. சபை மூச்சு விடுகிறது, ஆர்கனும் மூச்சு விடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது அந்த 'நூறு ஸ்டாப்' டிஜிட்டலுக்கு வருவோம். எங்கோ ஒரு ஆலயத்தில் பதிவுசெய்த குழல் சத்தம், நாலு ஸ்பீக்கர் வழியாக வெளியே வருகிறது. கல்யாணச் சாப்பாட்டைப் போட்டோ எடுத்து இலையில் வைப்பது போல. நூறு போட்டோ வைத்தாலும் பசி ஆறுமா? சின்னச் சபைக்கு, வீட்டுப் பயிற்சிக்கு அது நல்ல சாமான்தான். நான் மறுக்கவில்லை. இங்கே திக்லிபூரில் தமிழர்கள் ஞாயிறு ஜெபத்துக்குக் கூடும் வீட்டிலும் கீபோர்டுதான் வைத்திருக்கிறோம். கடல் உப்புக் காற்றில் நாலு வருடத்தில் பாதிக் கட்டை ஊமை. சரிபார்க்கக் கொடுத்தால் 'போர்டு வராது சார், புதுசு வாங்கிக்கோங்க' என்றார்கள். கரண்ட் போனால் மிச்சப் பாதியும் ஊமை. பக்கத்தில் ராஞ்சிக்காரர்கள் மாந்தர் அடித்துப் பாடிக்கொண்டே இருப்பார்கள். குழல் ஆர்கன் இருக்குமிடத்தில் கீபோர்டு வாங்குவது வேறு, கீபோர்டுக்காகக் குழலை எடைக்குப் போடுவது வேறு. முதலாவது வசதி. இரண்டாவது பாவம்.

செயலாளர் அண்ணாச்சிக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். மூன்று பதில் சொன்னார்.

ஒன்று: 'அது வெள்ளைக்காரன் சாமான் தம்பி, நமக்கு எதுக்கு?' அண்ணாச்சி, வயலின் யார் சாமான்? பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு இருநூறு வருடமாகிறது. இன்றைக்கு வயலின் இல்லாமல் கச்சேரி உண்டா? ஆர்மோனியத்தையும் இப்படித்தான் அந்நியம் என்று 1940இல் அகில இந்திய வானொலி தள்ளிவைத்தது. நம் பஜனையும் நாடகமும் அதை விட்டுவிட்டனவா? எங்கள் ஆர்கன் இங்கிலாந்தில் செய்ததாக இருக்கலாம். அதற்கு மூச்சுக் கொடுத்தது ஒரு தமிழன் கை. கீர்த்தனைக்கு மிருதங்கம் இருக்கட்டும், பாமாலைக்கு ஆர்கன் இருக்கட்டும். இரண்டும் நம்முடையவை. அதுசரி, டிஜிட்டல் ஆர்கன் என்ன ஆழ்வார்திருநகரியில் செய்ததா?

இரண்டு: 'வாசிக்க ஆளில்லை.' ஏன் இல்லை? கற்றுக்கொடுக்கவில்லை, அதனால் இல்லை. சென்னை எழும்பூர் கிர்க்கில் ஹடர்ஸ்பீல்டு பீட்டர் கோனாகர் கம்பெனி 1883இல் செய்த ஆர்கன் இருக்கிறது. ஹேண்டல் மேனுவல் அதை வாசித்து எத்தனை பேருக்கு இசையின் ருசி காட்டினார்! ஆள் வானத்திலிருந்து விழுவதில்லை, அண்ணாச்சி. நம் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கட்டி பியானோ பரீட்சை எழுதவைக்கிறோம். அதில் ஒரு பிள்ளையை ஆர்கன் முன்னால் உட்காரவைத்தோமா?

மூன்று: 'ஈரம், கரையான், எலி. நம்ம ஊருக்கு ஒத்துவராது.' இதற்குப் பதில் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. லாஸ் பின்யாஸ் என்ற ஊரில் தியேகோ செரா என்ற பாதிரியார் 1824இல் ஒரு ஆர்கன் முடித்தார். மொத்தம் 1,031 குழல், அதில் 902 மூங்கில்! பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்துவைத்துப் பதப்படுத்தினார். எங்கள் தீவு போலவே புயலும் பூகம்பமும் உள்ள ஊர். ஆர்கன் நொறுங்கிப் பலகாலம் ஊமையாகக் கிடந்தது. அந்த மக்கள் எடைக்குப் போடவில்லை. 1973இல் ஜெர்மனிக்குக் கப்பலேற்றிச் சரிசெய்து, 1975இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஆண்டுதோறும் அதற்கு விழா எடுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களே ஆர்கன் செய்யும் பட்டறையும் அங்கே உண்டு. 2002இலும் 2004இலும் பூமி குலுங்கிய திக்லிபூரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. நம் ஆர்கனுக்கு என்ன பூகம்பம் வந்தது? தோல் வெடித்திருக்கிறது, எலி கடித்திருக்கிறது. அதற்கே கை கழுவுகிறோம்.

நோத்ர்தாம் 2019இல் எரிந்தபோது குழல்கள் தப்பின, ஆனால் ஈயத்தூசி படிந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, 2024 டிசம்பரில் ஆலயம் திறந்தபோது பாடவைத்தார்கள். ஆர்கன் செய்யும் கலையையே 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் சொத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாம் பேரீச்சம்பழத்துக்குப் போடப் பார்க்கிறோம்.

இங்கே வரும் சுற்றுலாக்காரர்கள் ராஸ் தீவுக்கு (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) டிக்கெட் எடுத்துப் போகிறார்கள். அங்கே கூரை போன சர்ச்சின் சுவரை மரத்தின் வேர்கள் கவ்விக்கொண்டிருக்கின்றன. அதன் முன் நின்று போட்டோ எடுத்து, 'அடடா, எப்படி இருந்த இடம்!' என்று உச்சுக்கொட்டுகிறார்கள். காட்டுக்கு அதைச் செய்ய எத்தனையோ வருடம் பிடித்தது. நாம் தலைக்கு பத்தாயிரம் கொடுத்து ஒரே நாளில் செய்யப் போகிறோம்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கும் சொந்தங்களே, ஊரில் என்ன நிற்கும், எது இடியும் என்பதை இன்றைக்கு நம் பணம்தான் முடிவுசெய்கிறது. அதனால் கேட்டதும் அனுப்பாதீர்கள். எதற்கு என்று கேளுங்கள். ஆர்கனைத் தெரிந்தவரை அழைத்துப் பார்த்தீர்களா, எவ்வளவு செலவாகும் என்று எழுதி வாங்கினீர்களா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டாம். முதலில் துருத்தியின் தோல். அடுத்து கிரேட்டில் ஒரு டயபேசன், பெடலில் போர்டன். மூன்று ஸ்டாப் பாடினாலே சபை பாடும். அதற்கு நான் 10,000 இல்லை, 50,000 தருகிறேன். ஆர்கன் கற்கும் ஒரு பிள்ளையின் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். 'கமிட்டியில வைக்கிறேன்' என்றார்.

2009இல் அப்பா போனார். அடக்க ஆராதனையில் ஆர்கனிஸ்ட் எல்லா ஸ்டாப்பையும் தள்ளிவிட்டு, போர்டனை மட்டும் இழுத்து மெதுவாக வாசித்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகத்தான் வாசித்தார். மோட்டார் ஊதிய காற்றுதான். ஆனால் அது வந்தது அப்பா அடித்த அதே துருத்தி வழியாக. அந்தச் சத்தத்துக்குக் கிலோ என்ன விலை, அண்ணாச்சி?

டிஸ்கி: கீபோர்டு வாசிக்கும் தம்பிகள் அடிக்க வராதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு குழல் ஆர்கன் முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு பேசலாம்.